ஊருக்கு ஓர் அடி



திருச்செங்கோட்டுப் பகுதியிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் செல்வதை நாம் அனைவரும் அறிவோம். அவற்றுள் சில கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றிருக்கின்றன. அவற்றோடு நம் பிள்ளைகளும் சென்றிருக்கின்றனர். அவ்வாறு கானா நாட்டில் ஈராண்டு உழைத்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் சென்ற பொங்கல் விடுமுறையில் நம்மைக் காண வந்தார். வெயில், மண், சம்பளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தபின், எழுந்து செல்லும் நேரத்தில் ஒன்றைச் சொன்னார்.

"ஐயா, அங்கே கோயிலுக்குள்ளேயே கொட்டு அடிக்கிறார்கள். நாங்கள் முதலில் வேலை பார்த்தது நாட்டின் வடமேற்கு மூலையில். மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய ஒரு கருவியைப் பீடத்தின் பக்கத்தில் வைத்து அடித்தார்கள். பிறகு தெற்கே போனோம். அங்கே வேறு கொட்டு, வேறு அடி. ஒரே நாட்டுக்குள் ஏன் அப்படி? அது இருக்கட்டும், நம் ஊரில் மட்டும் தப்பட்டையை ஏன் கோயில் வாசலோடு நிறுத்திவிடுகிறோம்?"

இரண்டு கேள்விகள். முதற் கேள்விக்கு விடை கூறுவது மகிழ்ச்சி தரும் வேலை. இரண்டாவது கேள்வி நம்மைச் சுடுகிறது. இந்த இதழில் இரண்டையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.

ஒரு கண்டம், பல குரல்கள்

"ஆப்பிரிக்க இசை" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். இந்திய உணவு என்று சொல்லி இட்டிலியையும் சப்பாத்தியையும் ஒன்றாக்குவது போன்றது அது. அந்த இளைஞர் கண்ட கானா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்ற அந்நாட்டின் நடுப்பகுதியில் அசாந்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய அதும்பான் என்னும் பேரிகை எப்போதும் இணையாகவே இருக்கும். ஒன்று தாழ்ந்த குரல், மற்றது உயர்ந்த குரல். அவர்கள் பேசும் மொழியில் ஒரே சொல்லை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். ஆகவே இரண்டு முரசுகளின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அரசனின் புகழையும் முன்னோரின் பெயரையும் கேட்போர் விளங்கிக்கொள்ளுமாறு "பேச" முடிகிறது.

தென்கிழக்கே கடலோரத்தில் வாழும் எவே மக்களின் இசையில் ஓர் இரும்பு இரட்டை மணியே தலைமை தாங்குகிறது. மணியின் கணக்கு தவறாமல் சுழன்றுகொண்டே இருக்க, ஒவ்வொரு கொட்டும் வேறு வேறு கணக்கில் அதனோடு பின்னிக்கொள்ளும். தனித்தனியே கேட்டால் ஒன்றும் புரியாது; சேர்த்துக் கேட்டால் முழுத் துணி தெரியும். தறியைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே தகோம்பா மக்களிடம் இடை சிறுத்த கொட்டு ஒன்று உண்டு. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுற்றிலும் கட்டிய வார்களை அழுத்துவார்கள். அழுத்தினால் குரல் உயரும், தளர்த்தினால் தாழும். நம் உடுக்கையின் இடுப்புக் கயிற்றைப் பிடித்து அழுத்துவதும் இதே முறைதான். அந்தக் கொட்டை அடிப்பவர்கள் பிறப்பால் அத்தொழிலுக்கு உரியவர்கள். அரச குலங்களின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் காப்பவர்கள். அவர்கள் பாடும்போது தலைவனே அமர்ந்து கேட்கிறான். வாசகர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

வடமேற்கு மூலையில் தகாரா மக்கள். அவர்களுடைய ஜீல் என்னும் கருவியில் 14 முதல் 18 வரை மரச்சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். குடுக்கையில் துளையிட்டு, சிலந்தி தன் முட்டைகளை மூடும் மெல்லிய சவ்வை எடுத்து அத்துளையில் ஒட்டுவார்கள். அதனால் ஒவ்வோர் ஒலியோடும் வண்டு முரல்வதுபோல் ஓர் இரைச்சல் சேரும். நம் தம்புராவில் நூல் வைத்து ஜீவா பிடிப்பதை இது நினைவூட்டுகிறது.

நாட்டைத் தாண்டினால் இன்னும் வேறுபாடு. மாலி, காம்பியா நாடுகளில் 21 நரம்புகள் கொண்ட கோரா. ஜிம்பாபுவேயில் கட்டைவிரல்களால் மீட்டும் இரும்பு நாக்குகள் பொருத்திய முபீரா. நடு ஆப்பிரிக்கக் காடுகளில் அக்கா மக்கள் பாடும் பாட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மெட்டைப் பாட, அனைத்தும் ஒன்றாகக் கூடும். 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. எத்தியோப்பியாவிலோ பழம்பெரும் கிறித்தவத் திருச்சபை கெபெரோ என்னும் பெரிய முரசையும் கைக்கிலுக்கையும் வழிபாட்டிலேயே பயன்படுத்தி வருகிறது. அந்த இசை மரபை ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித யாரேத் வகுத்ததாக அவர்கள் நம்புகின்றனர். கோயிலுக்குள் முரசு என்பது புதுமையன்று, மிகப் பழமை.

நிலத்துக்கு ஒரு பறை

இத்தகைய வேறுபாடு நமக்குப் புதிதா? இல்லை. நிலத்துக்கு நிலம் இசை வேறுபடும் என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்தவர்கள் தமிழர். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்காலத்தார் அவற்றின் பெயர்களைத் தருகின்றனர். பெயரைக் கேட்டாலே தொழில் தெரிகிறது: காளையை அடக்க ஒரு பறை, நெல் அறுக்க ஒரு பறை, மீன் பிடிக்க ஒரு பறை. உழைப்பின் அசைவே தாளம் ஆயிற்று.

இன்றும் தமிழகத்தைத் தெற்கிலிருந்து வடக்கே நடந்து சென்றால் காது வழியாகவே எல்லைகளைக் கண்டுபிடித்துவிடலாம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் வில்லில் மணி கட்டி, குடத்தைத் தட்டிக் கதை பாடும் வில்லுப்பாட்டு. அதே பகுதியில் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்னும் இரண்டு மகுடங்கள் ஒன்றுக்கொன்று விடை சொல்லும். மதுரை வட்டாரத்தில் கரகத்தோடு வரும் நையாண்டி மேளம். காவிரிக் கழிமுகத்தில் நாகசுரமும் தவிலும் கோயில் இசையின் உச்சத்தை எட்டின. அங்கே "பெரிய மேளம்" என்றால் அதுதான். ஆனால் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் சென்று பெரிய மேளம் வேண்டும் என்று கேட்டால் தோற்கருவிக் குழுவினர் வந்து நிற்பார்கள். ஒரே பெயர்; இரண்டு இசைகள்.

கடலுக்கு அப்பால் ஈழத்திலும் இதே நிலை. கூத்திலே வடமோடி, தென்மோடி என்று இரண்டு. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க மக்களோ புனிதர் வரலாறுகளையே கூத்தாக ஆடி, அதிலும் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரு வழிகளைக் காத்து வந்தனர். யாழ்ப்பாணத்தில் 1965ஆம் ஆண்டு திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிய மரிய சேவியர் அடிகளார், 2021ஆம் ஆண்டு மறையும் வரை இம்மரபுக்காக உழைத்தார்.

இரு நீர் கலக்கும் சமவெளி

இனி நம் சொந்த மண்ணுக்கு வருவோம். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே, திருமணிமுத்தாறு ஓடிக் காவிரியை நாடும் இந்தச் சமவெளி இரண்டு இசை நாடுகளின் எல்லையில் கிடக்கிறது. மேற்கே கொங்கு நாடு; வடக்கேயும் கிழக்கேயும் பம்பையும் கூத்தும் ஆளும் நாடு. இரண்டும் இங்கே கலக்கின்றன.

கொங்கின் குரல் உடுக்கை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் வரலாற்றை அண்ணன்மார் கதையாக இரவு இரவாக உடுக்கையடித்துப் பாடுவது இந்நாட்டின் தனி மரபு. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் 1965ஆம் ஆண்டளவில் காங்கயம் பக்கத்துச் சிற்றூரில் தங்கி இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்து, 1982இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கொங்கின் மற்றொரு செல்வமான வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டு கற்பித்த கோவை பத்திரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வடக்கின் குரல் பம்பை. இரண்டு உருளைக் கொட்டுகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று மரம், மற்றது உலோகம். மரத்தின் குரல் ஒன்று, உலோகத்தின் குரல் ஒன்று. அசாந்தியின் இணை முரசுகளைப் போலவே இரண்டும் உரையாடும். ஆடி மாதத்தில் சேலம் நகரில் சிறிது நேரம் நின்றால் போதும், பம்பையின் குரல் செவியில் விழும். இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்திலும் சேலம், தருமபுரிப் பக்கத்து ஆட்டமும் பாட்டும் வட ஆர்க்காட்டுப் பாணியினின்று வேறானவை. ஒரு சாணுக்குச் சற்றே நீண்ட முகவீணை இழுக்கும் இழுப்பிலேயே இது எந்த ஊர்க் கூத்து என்று முதியவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே கூத்தாடும் கலைஞர் பலர் பொம்மலாட்டமும் அறிந்தவர்கள். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வெளிவரும் "மணல்வீடு" இதழினர் இக்கலைஞர்களைப் போற்றிச் செய்துவரும் பணி பாராட்டத்தக்கது.

உறுமியை மறக்கலாமா? ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, அது புலியைப்போல் உறுமும். மறு முகத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். தேய்க்கும் ஒலியும் அடிக்கும் ஒலியும் ஒரே கருவியில் பிறப்பது அதன் சிறப்பு.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக நிற்பது தப்பு, தப்பட்டை, பறை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் நம் தோற்கருவி. வேம்பு போன்ற மரத்தின் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்குவார்கள். கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சி. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். ஈரம் போனால்தான் குரல் எழும். மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை நெருப்பைத் தேட வேண்டியிருக்கும். இப்போது காய்ச்சத் தேவையில்லாத செயற்கைத் தோல் வந்துவிட்டது. வசதிதான், ஆனால் காய்ந்த தோலின் குரல் அதில் இல்லை என்று பழையவர்கள் தலையை அசைக்கின்றனர்.

ஆக, முதற் கேள்விக்கு விடை இதுதான். எந்த மரம் கிடைக்கிறது, எந்த விலங்கின் தோல் கிடைக்கிறது, காற்று உலர்ந்ததா ஈரமானதா, மக்கள் எந்த வேலைக்குக் குனிந்து நிமிர்கிறார்கள், அவர்கள் மொழி எப்படி ஏறி இறங்குகிறது, யார் யாரிடம் கற்கிறார்கள் என்பவை சேர்ந்தே ஒரு வட்டாரத்தின் அடியை உண்டாக்குகின்றன. சுருதி மாறினால் பொருள் மாறும் மொழி அவர்களுடையது. ஆகவே அவர்கள் முரசு சொல்லைப் பேசிற்று. நம் மொழி குறிலும் நெடிலும் கொண்டு நடப்பது. ஆகவே நம் பறை சொல்லின் நடையைப் பேசுகிறது. மண நிகழ்ச்சிக்கு ஓர் அடி, சாமி புறப்பட ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. வீட்டுக்குள் இருந்தே எந்த வீட்டில் என்ன நிகழ்கிறது என்று முன்பெல்லாம் அறிந்துகொண்டனர்.

வாசலில் நின்ற பறை

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு விடை கூறுமுன், நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்கின் பெயர் வேண்டாம். இது பல பங்குகளின் கதை.

அந்தப் பங்கில் ஆண்டுத் திருவிழாவுக்கான கூட்டம் நடந்தது. தேர்ப்பவனிக்கு என்ன மேளம் என்பது பேச்சு. ஒருவர் பேண்டு வாத்தியம் என்றார். இளைஞர்கள் கேரளத்துச் செண்டை மேளம் வேண்டும் என்றனர். சுற்றுவட்டாரத்தில் எல்லாத் திருவிழாவுக்கும் இப்போது அதுதானே வருகிறது! பங்குத்தந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம் பங்கு மக்களிடையே தலைமுறையாகத் தப்பட்டை அடிப்போர் இருக்கிறார்களே, அவர்களையே அழைத்தால் என்ன? பவனியில் மட்டுமல்ல, காணிக்கைப் பவனியின்போது ஆலயத்துக்குள்ளும் அடிக்கட்டும்" என்றார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெல்ல, "சாமி, அது சாவுக்கு அடிக்கிறது. கோயிலுக்குள் எப்படி?" என்றார். சிலர் தலையசைத்தனர். கடைசி வரிசையில் தோளில் துண்டோடு அமர்ந்திருந்த முதியவர் எழுந்தார். இளமையில் அவ்வட்டாரத்தில் அவர் அடிக்கு இணையில்லை என்பார்கள். அவர் ஆதரித்துப் பேசுவார் என்று நாம் எதிர்பார்த்தோம்.

"சாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. வாத்தியார் ஐயா வேண்டாம் என்கிறார். நானும் வேண்டாம் என்கிறேன். ஆனால் காரணம் வேறு. என் அப்பன் அடித்தான், நான் அடித்தேன். எந்த வீட்டில் செத்தாலும் போய் அடிக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அடித்து முடித்தால் திண்ணைக்குக் கீழே நின்று கூலி வாங்க வேண்டும். என் மகன் இதைத் தொடக் கூடாது என்று அவனைப் படிக்க வைத்தேன். இப்போது கோயிலின் பெயரால் அதை மறுபடி அவன் தோளில் மாட்டுகிறீர்களே?"

அதன்பின் அக்கூட்டத்தில் வேறு பேச்சு எழவில்லை. செண்டை மேளம் என்று முடிவாயிற்று.

வாசகர்களே, அந்த முதியவரின் சொல்லை நம்மால் இன்றும் மறக்க இயலவில்லை. பறை இழிவானது என்பதால் ஆசிரியர் அதை ஒதுக்கினார். பறையைக் கொண்டு தம்மை இழிவுபடுத்தினார்கள் என்பதால் முதியவர் அதை ஒதுக்கினார். இரண்டும் ஒன்றன்று. தகோம்பா நாட்டில் கொட்டு அடிப்பவன் பிறப்பாலேயே அத்தொழிலுக்கு உரியவன் என்று கண்டோம். நம் நாட்டிலும் அப்படியே. ஆனால் அங்கே அவன் வரலாற்றின் காவலன். இங்கே அவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். பறைக்கும் இந்தப் பழிக்கும் தொடர்பில்லை. பழி நம் சாதிப் பாகுபாட்டினுடையது. தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலேயே கூறிவிட்டது. கல்லறையில் தனிச் சுவர், பவனியில் தனித் தெரு என்று நம் பங்குகளிலும் அது வாழ்ந்ததை நாம் மறைக்க முடியுமா?

ஆகவேதான் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஊர்களில் இளைஞர்கள் இனி சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று மறுத்தனர். சிலர் பறையைத் தீயிலிட்டனர். அடிமைத்தனத்தின் அடையாளமாக அவர்கள் அதனைக் கண்டது இயல்பே. அதே தலைமுறையில் வேறொரு வழியும் பிறந்தது. கட்டாயத்தை மறுப்போம், கலையை மறுக்க மாட்டோம் என்றனர் சிலர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் தொடங்கிய சக்தி கலைக்குழு, பறையைத் தொடக் கூடாது என்று முன்பு விலக்கப்பட்டிருந்த பெண்களின் கையில் அதைக் கொடுத்து மேடையேற்றியது. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு நாடு பத்மஸ்ரீ விருது அளித்தது. சாவு வீட்டு வாசலில் நின்ற பறை நாட்டின் தலைவாசலில் ஏறியது.

திருச்சபை சொன்னது என்ன?

தகாரா மக்களிடமும் இதையொத்த கதையே உண்டு. ஜிராப்பா என்னும் ஊரில் 1929ஆம் ஆண்டு மறைப்பணி தொடங்கிற்று. நம் சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது. ஜீல் கருவி சாவு வீட்டிலும் பழைய சடங்குகளிலும் இசைக்கப்படுவது என்பதால் தொடக்க காலத்தில் அது கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பின்னர், அம்மக்களின் அழுகையையும் மகிழ்ச்சியையும் சுமந்த குரல் அதுவே என்பதை மேய்ப்பர்கள் உணர்ந்தனர். ஜீல் பீடத்தருகே வந்தது. நம் இளைஞர் கண்டது அதைத்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119ஆம் எண், மறைபரப்பு நாடுகளில் மக்களுக்குரிய இசை மரபு அவர்களது சமய, சமூக வாழ்வில் பெரிதும் பங்கு பெறுவதால் அதற்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்கிறது. அடுத்த எண், தூய பயன்பாட்டுக்கு ஏற்றவையும் ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்துபவையுமான பிற கருவிகளை உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. சங்கத்துக்கு முன்பே, 1958இல், காங்கோ நாட்டின் கமினாவில் ஹாசன் என்னும் பெல்ஜிய நாட்டு பிரான்சிஸ்கன் துறவி, அந்நாட்டுப் பாடகரோடு சேர்ந்து "மிஸ்ஸா லூபா" என்னும் திருப்பலி இசையை உருவாக்கினார். 1988இல் அந்நாட்டுக்கெனத் தனித் திருப்பலி முறையையே உரோமை ஏற்றது. நம் நாட்டில் தமிழரான அமலோற்பவதாஸ் அடிகளார் 1967ஆம் ஆண்டு பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவி இவ்வழியைத் திறந்தார். ஆயினும் நாம் குத்துவிளக்கையும் ஆரத்தியையும் ஏற்றுக்கொண்ட விரைவில் பறையை ஏற்கவில்லை. ஏன் என்பதை நம் மனச்சான்று அறியும்.

ஆனால் "திருச்சபை இசைந்துவிட்டது, எடுத்து அடியுங்கள்" என்று சொல்லிவிடவும் நமக்கு உரிமை இல்லை. அந்த முதியவரின் கேள்வி வழியில் நிற்கிறது.

ஒரு தொடக்கம்

திருவிழா முடிந்து சில வாரங்கள் கழித்துப் பங்குத்தந்தை அவர் வீட்டுக்குச் சென்றார். நாமும் உடன் சென்றோம். அடிக்க வேண்டும் என்று கேட்கச் செல்லவில்லை. மன்னிப்புக் கேட்கச் சென்றார். திண்ணையில் அமர்ந்து காபி குடித்தோம். வெகு நேரம் கழித்து முதியவர் தாமாகவே உள்ளே சென்று, பரணிலிருந்து சாக்குப்பையில் சுற்றிய ஒரு தப்பட்டையை எடுத்து வந்தார். எலி கடித்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மூன்று நிபந்தனைகள் சொன்னார்.

"எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தரமாட்டேன், எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரவேண்டும். பெண்பிள்ளைகளும் வரவேண்டும். அடிக்க வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளையை யாரும் அடி என்று சொல்லக் கூடாது. வெளியூர் மேளக்காரருக்கு என்ன கூலி கொடுத்தீர்களோ அதையே எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும், அதுவும் உட்கார வைத்து."

இவை மூன்றல்ல, நான்கு என்று நாம் சொன்னோம். "நான்காகவே இருக்கட்டும்" என்றார்.

கோடை விடுமுறையில் ஆலயத்துக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடியில் வகுப்பு தொடங்கிற்று. முதல் நாள் வந்தவர்கள் 11 பிள்ளைகள். அவர்களுள் பிற தெருக்களிலிருந்து வந்தவர்கள் இருவரே. மூன்றாம் வாரத்தில் அது ஐந்தாயிற்று. அவர்களுள் ஒருத்தி அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பேத்தி. ஆசிரியர் இன்னும் முழுதும் மனம் மாறிவிட்டார் என்று கூற முடியாது. ஆனால் மாலையில் பேத்தியை அழைத்துச் செல்ல வரும்போது சற்று முன்னதாகவே வந்து, புளியமரத்துக்குச் சிறிது தள்ளி நின்று கேட்கிறார் என்பதை நாம் கண்டோம். முதியவரின் மகன் இதுவரை தப்பட்டையைத் தொடவில்லை. அது அவருடைய உரிமை; அதையும் அந்தப் பங்கு மதிக்கிறது.

முதியவர் பிள்ளைகளுக்கு முதலில் சாவு அடியையே கற்பித்தார். ஏன் என்று கேட்டோம். "சாகிறவர்கள் எல்லாத் தெருவிலும்தானே இருக்கிறார்கள்" என்றார்.

வாசகர்களே, திருப்பாடல் நூலின் நிறைவுப் பாடலாகிய 150ஆம் பாடல் ஆண்டவரைப் போற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக அழைக்கிறது. தோற்கருவியும் அப்பட்டியலில் உண்டு. இன்ன தெருவின் கருவி வேண்டாம் என்று அப்பாடல் எங்கும் சொல்லவில்லை. நொபிலி அடிகளார் 1623ஆம் ஆண்டு சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தபோது இந்தச் சமவெளியில் பறை ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். 400 ஆண்டுகள் அது நம் ஆலயத்தின் வாசலில் காத்து நின்றிருக்கிறது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். உங்கள் ஊரில் தப்பட்டை, பம்பை, உறுமி, உடுக்கை அறிந்த பெரியவர்கள் இருப்பின் அவர்கள் வீட்டுக்குச் சென்று அமர்ந்து பேசுங்கள். எந்தெந்த நிகழ்ச்சிக்கு எந்த அடி, அதன் பெயர் என்ன, அதை அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதை உங்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். இசைந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நமக்கும் எழுதி அனுப்புங்கள், இப்பகுதியில் வெளியிடுவோம். ஒரு முதியவர் மறையும்போது ஓர் ஊரின் அடியே மறைந்துவிடுகிறது. அதற்குமுன் அவரை நம் திண்ணைமேல் அமரச் செய்வோம்.